மைக் ஆட்டோவில் வந்த ராப் குரல்

மன்னார்குடி தெப்பக்குளத்தோரம் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மைக் ஆட்டோ ஊர்ந்து வருகிறது. யாரோ இறந்துவிட்டாராம், சாயங்காலம் எடுக்கிறார்களாம். அறிவிக்கும் குரலைக் கேட்டதும் டம்ளர் பாதியில் நிற்கிறது.

தஞ்சாவூர் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் போனுக்குப் போன் ப்ளூடூத்தில் அனுப்பி நாங்கள் கேட்ட குரல் இது. அரிவாளையும் ரவுடியையும் வைத்து இந்தப் பக்கத்தில் முதன்முதலில் ராப் பாடியவர். “அவன் வந்தா கடைத்தெருவே ஷட்டர இறக்கும்” என்று மெஸ் தட்டில் தாளம் போட்டுக் கத்தாத நாளே கிடையாது.

ஆட்டோ டீக்கடையில் நிற்கிறது. இறங்கி வருகிறவருக்குத் தாடி நரைத்துவிட்டது.

“அண்ணே, அந்த ஷட்டர் பாட்டு நீங்க பாடுனதுதானே?”

வெட்கமாகச் சிரிக்கிறார். “இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்களா? ரெண்டு வருஷம் மேடை மேடையா பாடுனேன். அப்புறம் பொழப்பப் பாக்கணும்ல.”

“பாட்டுல வர்ற அந்த ‘அவன்’ யாருண்ணே?”

ஆட்டோவில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் காட்டுகிறார். “இவருதாங்க. அப்பல்லாம் பேரைச் சொல்லிப் பாட தைரியமில்ல. அவன் அவன்னே பாடி முடிச்சுட்டேன். இன்னைக்குத்தான் மைக்ல மொத தடவையா பேரைச் சொல்றேன்.”

டீயை முடித்துவிட்டு ஏறுகிறார். மைக் கரகரக்கிறது. அந்தப் பெயரைப் பழைய பாட்டில் இழுப்பதுபோலவே இழுத்துச் சொல்கிறார். என் விரல்கள் தானாக டம்ளரில் தாளம் போடுகின்றன.

எதிரே, கடைத்தெருவில் ஒவ்வொரு ஷட்டராக இறங்குகிறது.