அக்கா நேரில் பார்த்த ஒரே நோயாளி

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். பெற்றோர் முன்பே போய்விட்டதால், அக்காவைப் பற்றி எழுதத் தம்பி நான் ஒருவனே மிஞ்சியிருக்கிறேன்.

அக்கா மலேசியாவில், சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் மரம் சீவியவர்கள். தோட்டம் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்களுக்குத் தந்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது ஈப்போவுக்கு வந்தோம். கொஞ்ச நாளில் அப்பா தவறினார். அக்கா படித்து மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, என்னையும் படிக்க வைத்தார். படுக்கையில் விழுந்த அம்மாவைப் பல ஆண்டுகள் கவனித்தார். வரன் வந்தபோதெல்லாம், "அம்மாவ யாரு பாக்குறது?" என்று தட்டிக் கழித்தார். அம்மா போன பிறகு யாரும் வரன் கொண்டு வரவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் வேலை நுண்ணோக்கியில். இரத்த அணுக்கள், சிறுநீரில் கடித உறை வடிவில் கிடக்கும் உப்புப் படிகங்கள், சளியில் இருக்கும் கிருமிகள் என்று எதுவானாலும் பார்த்து இன்னதென்று சொல்ல வேண்டும். நோயாளியின் முகம் தெரியாது. கண்ணாடித் துண்டின் ஓரத்தில் ஓர் எண் மட்டும் இருக்கும்.

ஒரு நாள், டெங்கி என்று சந்தேகப்பட்ட ஒருவரின் இரத்தம் வந்தது. தட்டணுக்கள் குறைவு என்று இயந்திரம் காட்டியது. அதைச் சரிபார்க்கத்தான் அக்கா இரத்தத்தைக் கண்ணாடியில் பூசிச் சாயமிட்டுப் பார்த்தார். சில சிவப்பணுக்களுக்குள் சின்னச் சின்ன மோதிரங்கள் தெரிந்தன. மலேரியாக் கிருமி. இன்னொரு கண்ணாடியும் பார்த்து உறுதி செய்துகொண்டு வார்டுக்குப் போன் செய்தார். எடுத்த இளம் டாக்டர் தமிழர்.

"டெங்கி கேஸ்தானே அக்கா, நாளைக்குப் பாக்கலாமே."

"நாளைக்கு வேணாம் டாக்டர். ரெண்டு ஸ்லைடு பாத்துட்டேன், மலேரியாதான். நீங்க வந்து பாக்குற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

டாக்டர் வந்து பார்த்தார். மருந்து அன்றே தொடங்கியது.

நான்கு நாள் கழித்து, வேலை முடிந்ததும் அக்கா அந்த வார்டுக்குப் போனார். அதற்கு முன் எந்த நோயாளியையும் அவர் தேடிப் போனதில்லை. அந்த நோயாளி செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர். பக்கத்தில் யாரும் இல்லை. உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், அக்காவின் வெள்ளை அங்கியைப் பார்த்ததும் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டினார். அக்கா வேண்டாமென்று கையசைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அந்த ஞாயிறு போனில் இதைச் சொன்னார். நான் அப்போது தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன்.

"ரத்தம் எடுக்க வந்திருக்கேன்னு நெனச்சிட்டாரு தம்பி. ஒண்ணும் பேசாம வந்துட்டேன்."

"பேசியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? ஒங்க ரத்தத்த நாந்தான் பாத்தேன்னா?" சிரித்தார். பிறகு, "இந்த வாரம் வரியா?" என்றார்.

"ஓவர்டைம் இருக்கு லா அக்கா. அடுத்த மாசம் வாரேன்."

அடுத்த மாதமும் நான் போகவில்லை.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வரவில்லை. உடன் வேலை பார்த்த சாந்தி அவர்கள் அக்காவின் வீடு தேடிப் போய், அண்டை வீட்டாரைக் கூட்டிக் கதவைத் திறக்க வைத்தார். தூக்கத்திலேயே அக்காவின் உயிர் பிரிந்திருந்தது.

அந்த அண்டை வீட்டாருக்கும், விடுப்பு எடுத்து வந்து கடைசி வரை நின்ற ஆய்வுக்கூட நண்பர்களுக்கும் நன்றி. சாந்தி அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். குளிப்பாட்ட வந்த பெண்கள், "தம்பி, அக்காவுக்கு எந்தப் பொடவ புடிக்கும்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சாந்தி அவர்கள்தான் உள்ளே வந்து, அடுக்கின் அடியிலிருந்து ஒரு நீலப் புடவையை உருவி எடுத்துக் கொடுத்தார்.