கொடுப்புக்குள் இருந்த பனங்கட்டி

போன கிழமை எனக்குத் தொண்டை நோ. ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடும்போது மகள் ஒரு குளிசையைத் தந்து சூப்பச் சொன்னாள். "நன்மை எடுக்கப் போறன், பிள்ளை" என்றேன். "மருந்துக்கு என்னம்மா விரதம்? இப்ப அதெல்லாம் பாக்கிறேல்லை" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டு வயதில் எனக்கு முதல்நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். அந்தக் காலத்தில் நடுச்சாமத்துக்குப் பிறகு வாயில் எதுவும் படக்கூடாது. பட்ட வாயோடு நன்மை வாங்கினால் சாவான பாவம் என்று உபதேசியார் பிரம்பைத் தட்டித் தட்டிச் சொல்லித் தந்திருந்தார். முதல்நாள் பின்னேரம் பார்த்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. எச்சில் விழுங்கினால் மீன்முள் குத்துவது போல நோ. அம்மா குசினியில் மிளகையும் வேர்க்கொம்புச் சுக்கையும் இடித்து, பனங்கட்டியோடு பிசைந்து, இரண்டு உருண்டை பிடித்தார். ஒன்றை என் கொடுப்புக்குள், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில், அடக்கிவிட்டு, "கடியாதை. படுக்க முதல் அதுபாட்டில கரைஞ்சிடும்" என்றார். காரமும் இனிப்புமாக அது இறங்க இறங்க, நான் நித்திரையாகிவிட்டேன்.

விடிய எழும்பினால் தொண்டை நோவைக் காணவில்லை. ஆனால் நாக்கில் ஏதோ இடறியது. துப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் பயறளவு பனங்கட்டி.

புளியங்கொட்டை அளவில் இருந்தது பயறளவாகியிருக்கிறது. மிச்சம் எப்போது கரைந்தது? நடுச்சாமத்துக்கு முதலா, பிறகா? பயத்தைவிட அதை அறிகிற ஆவல்தான் எனக்குக் கூட. மற்ற உருண்டையை எடுத்து நாலு வயதுத் தங்கச்சியின் வாயில் வைத்தேன். கரைய எவ்வளவு நேரம் செல்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடுமே. "கடிக்காமல் வைச்சிரு" என்று சொல்லி முடிக்க முதல் கறுக்கென்று சத்தம் கேட்டது.

"அக்கா, உறைக்குது!"

அவள் கத்தின கத்தலுக்கு அம்மா ஓடி வந்தார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அம்மாவின் முகம் வெளிறிப் போனது. கொடியில் எனக்குத் தைத்த வெள்ளைச் சட்டை தொங்கியது. நாரந்தனையிலிருந்து முதல்நாளே வந்து நின்ற என் ஞானத்தாய், "என்னடி, விடியக் காலமை சத்தம்?" என்று எட்டிப் பார்த்தார். "ஒண்டுமில்லை அக்கா. சின்னவள் மிளகைக் கடிச்சுப்போட்டாள்" என்றார் அம்மா.

பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படலையால் வெளியே போனார். ஒரு செபம் சொல்லி முடிகிற நேரத்தில் திரும்பி வந்தார்.

"சுவாமியாரிட்டைக் கேட்டுப்போட்டன். மருந்துதானே, பிழையில்லையாம். நீ பயப்பிடாமல் நன்மை எடு."

"அவர் கோவிக்கேல்லையோ?"

"இல்லை."

"எவ்வளவு கரைஞ்சதெண்டு கேட்டவரோ?"

"வாயைப் பொத்திக்கொண்டு சட்டையைப் போடு."

கோயிலுக்கு நடக்கும்போது கடற்கரையைப் பார்த்தேன். எங்கள் நெடுந்தீவுக் கரைக்குப் பூசை வைக்கச் சுவாமியாரை ஏற்றி வருகிற வள்ளம் அப்போதுதான் வந்து அடைந்தது. அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் தண்ணீரில் இறங்கினார். இவரிடம் அம்மா எங்கே வைத்துக் கேட்டார் என்று யோசித்தேன். அதற்குள் புதுச் சப்பாத்துக்குள் மணல் போய்விட்டது. யோசனை அதோடு போயிற்று.

நன்மை வாங்கிக்கொண்டு திரும்பினேன். தாய்மார் எல்லோரும் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் வந்துகொண்டிருந்தார்கள். என் அம்மா மட்டும் எழும்பவில்லை. முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி முழந்தாளில் இருந்தார். ஞானத்தாய் முழங்கையால் இடித்து "எழும்பன்" என்றதற்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்காகப் பொய் சொன்ன வாயால் நன்மை வாங்க அவருக்கு மனம் வரவில்லை என்பது, நானும் பிள்ளைகளைப் பெற்ற பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு நான் நினைத்தது வேறு. விருந்துக் கறிக்கு உப்புப் பார்த்து விரதத்தை முறித்துவிட்டார், பெற்ற பிள்ளையின் முதல்நன்மைக்குக்கூட வாயைக் கட்டத் தெரியாத அம்மா என்று, அன்று மத்தியானம் வரைக்கும் நான் அவரோடு கதைக்கவில்லை.