பெயர் தெரியாதவளின் நெற்றி

சென்னையிலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கடந்து, காலை பதினொரு மணிக்குக் கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் இறங்கினேன். தோளில் பை. கையில், பழைய போர்வையில் சுற்றிய ஓர் எண்ணெய் ஓவியம். வங்கி வேலையில் கல்கத்தாவில் இருந்தபோது ஏலக்கடை ஒன்றில் வாங்கியது. பட்டுச் சேலை, மெல்லிய சங்கிலி, சற்றே இடப்புறம் திரும்பிய பார்வை. அந்தப் பெண் யாரென்று விற்றவருக்கே தெரியாது. வரைந்தவர் கையெழுத்தும் கிடையாது. அதே கடையில் திருப்பிக் கொடுத்துவிட வந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமியார் இறந்தபோது அவர் படத்தைக் கூடத்தில் மாட்ட வேண்டுமென்று என் மனைவி லலிதா கேட்டாள். "கூடத்துக்கு ஆயில் பெயின்டிங்தான் எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். மாமியார் படம் பீரோவுக்குள் போயிற்று. லலிதா சண்டை போடவில்லை. அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஓவியத்துப் பெண்ணுக்குக் குங்குமம் வைக்க ஆரம்பித்தாள். "யாருன்னே தெரியாதவளுக்குப் பூஜை நடக்குது" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். "அவளும் யாரோ பெத்த பொண்ணுதானே" என்பாள்.

போன வருடம் லலிதா போய்விட்டாள். இந்தப் படத்தை அனுப்பிவிட்டு அந்த ஆணியில் மாமியாரை மாட்டினால் மனம் ஆறும் என்று நினைத்தேன்.

பெஹாலாவுக்கு டாக்சி நானூற்று எண்பது ரூபாய். பாலத்தின்மேல் போகும்போது கீழே ஹூக்ளி பழுப்பாக, அகலமாகக் கிடந்தது. ஓட்டுநர் என்னை வங்காளத்தில் 'காக்கு', சித்தப்பா, ஆக்கிக்கொண்டு இந்தியில் கேட்டார்: "டிவியா, காக்கு?"

"படம்."

"அம்மாவா?"

"இல்லை. யாருன்னு தெரியாது."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தெரியாத லேடியையா ரயிலேத்திக் கூட்டிட்டு வந்தீங்க? வீட்டுல காக்கிமா சும்மாவா விட்டாங்க?"

சும்மாதான் விட்டாள்.

லலிதாவின் அக்கா மகள் கீதா பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்தவள். "வாங்க சித்தப்பா! என்ன இப்படி ரோகாவா, ஒல்லியா ஆயிட்டீங்க, சாப்பிடறதே இல்லியா?" என்று ரசமும், மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிரும் போட்டாள். படத்தைப் பார்க்கக் கேட்டாள். பிரித்தால் மறுபடி கட்டுவது கஷ்டம் என்றேன்.

மூன்றரை மணிக்கு ஏலக்கடை. பழைய முதலாளி இல்லை. மித்ரா என்ற நடுவயதுக்காரர் இருந்தார். ஆங்கிலத்தில் பேசினாலும் என்னை வங்காள முறையில், சித்தி புருஷனைப்போல 'மேஷோமஷாய்' என்றுதான் கூப்பிட்டார். போர்வையைப் பிரித்ததும் ஓவியத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குங்குமம் மிளகளவுக்குக் கருஞ்சிவப்பாக இறுகியிருந்தது.

"இது வரைஞ்சது இல்லை, பின்னால படிஞ்ச கறை. இதோட யாரும் வாங்க மாட்டாங்க. துடைச்சுடட்டுமா, மேஷோமஷாய்?"

"துடைங்க" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பஞ்சை ஏதோ ஒரு திரவத்தில் நனைத்துச் சிறு வட்டமாகத் தேய்த்தார். பஞ்சு சிவந்தது. நெற்றி வெளுத்தது. "பாருங்க, வகிட்டுல சிந்தூரம்கூட இல்லை. கல்யாணம் ஆகாதவளோ, புருஷனை இழந்தவளோ!" மித்ராவுக்கு உற்சாகம்.

நான் பஞ்சைப் பார்த்தேன். லலிதா சுமங்கலியாகப் போனவள். அவள் புடவைகளைக் கொடுத்தாயிற்று. அந்தக் குங்குமம்தான் அவள் கை வைத்தபடியே மிஞ்சியிருந்தது. அதைத் துடைக்கச் சொன்னவன் அவள் புருஷன்.

"போதும். கட்டிக் குடுத்துடுங்க."

"விற்கலியா? நான் ஏதாவது கெடுத்துட்டேனா?"

"உங்க மேல தப்பில்லை."

மாலையில் கீதா தானே போர்வையைப் பிரித்துவிட்டாள். "சித்தி போன்ல சொல்லுவாங்களே, அவங்க வச்ச பொட்டு எங்க சித்தப்பா?"

சொன்னேன். சாமி அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்து நீட்டினாள். "நீங்களே வைங்க."

சிமிழுக்குள் கையைக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திவிட்டேன். லலிதா எந்த விரலால் வைப்பாள்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே கூடத்தில்தான் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தேன்.

"ஏதோ ஒரு விரல், சித்தப்பா."

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ரயில் சாந்த்ராகாச்சியை விட்டுக் கிளம்பியது. யார்டில் நின்ற காலிப் பெட்டிகள் வெகுநேரம் கூடவே வந்தன. அவளை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன். கீதா மடித்துக் கொடுத்த குங்குமப் பொட்டலம் சட்டைப்பையில் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் மாமியாருக்காக அவள் பக்கத்தில் இன்னோர் ஆணி அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விரலையும் முடிவு செய்ய வேண்டும்.