கேட்க வேண்டியது தாயை

பிள்ளையை மோர்ச்சரிக்குக் கொண்டுபோகத்தான் அந்த அறைக்குப் போனேன். ஐந்து மாதப் பெண்பிள்ளை. திரும்பத் திரும்ப நியூமோனியா வந்து வார்டிலேயே செத்துப்போச்சு. ஏன் வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தாய் மடியில் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் வண்டில் தள்ளுற போர்ட்டருக்கு முதல் நாளே சொல்லித்தருவது: தள்ளு, கதைக்காதை. பதினெட்டு வருசம் நானும் அப்படித்தான்.

போஸ்ட்மோர்ட்டத்துக்குச் சம்மதமா என்று டொக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தா. தாய்க்கு இங்கிலிஷ் இல்லை. தகப்பன் நிலத்தைப் பார்த்தபடி. அவன்ரை தமையன்தான் மொழிபெயர்ப்பு. பக்கத்து ஊர் இல்ஃபோர்டில் கடை வைத்திருக்கிறவர்.

டொக்டர் சொன்னது எனக்கு விளங்கினது. வேண்டாம் எனலாம். நெஞ்சை மட்டும் பார்க்கச் சொல்லலாம். தைத்து, உடுப்புப் போட்டுத் தருவோம். ஓம் என்றாலும் நாளைக்கு மனம் மாறலாம்.

தமையன் தாய்க்குச் சொன்னது: "பிள்ளையைக் கிழிக்கப் போகினமாம். நான் வேண்டாம் எண்டிட்டன்."

டொக்டருக்குச் சொன்னது: தாய்க்கு விருப்பமில்லை, சமயம் விடாது.

எந்தச் சமயம்? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

தாய் மெல்லக் கேட்டாள். "ஏன் செத்தது எண்டு அதிலை தெரியுமோ?"

தமையன் சொன்னார்: "வயித்திலை பிள்ளையோட பெட்டி பக்கிங் வேலைக்குப் போனனி. இனி என்ன தெரியவேணும்?"

நான் டொக்டரிடம் சொன்னேன், நீங்கள் சொன்னதை இவர் சொல்லவில்லை, தாய் வேறை கேட்கிறா என்று.

தமையன் திரும்பினார். "நீ வண்டில் தள்ள வந்தனி. தள்ளு."

"தள்ளுறன் அண்ணை. முதல் அவ கதைக்கட்டும்."

டொக்டர் அவரை வெளியே அனுப்பினா. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தா. முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். நெஞ்சை மட்டும் பாருங்கோ என்று தாய் கையெழுத்து வைத்தாள். தகப்பன் அப்பவும் நிலத்தைத்தான் பார்த்தான். பிறகு பிள்ளையை என் கையில் தந்தாள்.

தமையன் கம்ப்ளெயின்ட் எழுதினார். சூப்பர்வைசர் எனக்கு வார்னிங் லெட்டர் தந்தார். முதலே மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடாமல் விட்டதற்கு யாருக்கும் லெட்டர் இல்லை.

சில மாதம் போய், ரிசல்ட் கேட்டுவிட்டு வந்தவளை வாசலில் கண்டேன்.

"சுவாசப்பை கருவிலேயே சரியா வளரேல்லையாம். வேலைக்குப் போனதாலை இல்லையாம் அண்ணை."

வீட்டில் சொன்னனீங்களோ என்றேன். முதலே போனில் சொல்லிவிட்டாளாம்.

"டொக்டர்மார் சும்மா எழுதுவாங்கள் எண்டார் இவற்றை தமையன். எழுதட்டும். எனக்குத் தெரியுந்தானே."

இந்த வேலைக்கு வாற பிள்ளைகளுக்குச் சொல்லுறன். சொந்தக்காரர் மொழிபெயர்த்தால் காதைக் குடுங்கோ. பிழையாகச் சொன்னால் வாயைத் திறவுங்கோ. லெட்டர் வரும். வரட்டும்.