கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு ஜோடி சப்பாத்து

பத்துமலைக்குச் சட்டம் என்றால் உயிர். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில், அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்காத தொழிலாளி கிடையாது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும், ஈப்போவிலிருந்த கம்பெனி ஆபீசுக்குத் தலைமைக் கிராணியாக வந்தார். தோட்டம்தான் போனதே தவிர, விறைப்பு கூடவே வந்துவிட்டது.

எண்பத்தாறில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அடேயப்பா, அதற்கு நடந்த உபசாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மனிதர்கள் வெளியே வியர்த்து வழிய, அதற்குத் தனி அறை, ஏர்கோன், தரையில் கம்பளம். தூசி ஆகாது என்று சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். வெளி டிஸ்கெட் கூடாது. விளையாட்டு கூடவே கூடாது. இத்தனையையும் எழுதிக் கதவில் ஒட்டியவர் பத்துமலைதான்.

ஒட்டிய மாதமே ஜெயபாலன் மாட்டினான். கம்ப்யூட்டரை ஓட்ட எடுத்த பையன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திரையில் ஒரு பாம்பு புள்ளிகளைத் தின்று தின்று நீண்டுகொண்டிருந்தது.

"சோத்து நேரம்தானே சார், சும்மா லா..."

"சும்மாவா? ஒங்கப்பன் சன்னாசி நம்ம தோட்டத்துல எவ்வளவு மரியாதையா இருந்தான்! அவனுக்குப் பொறந்த பிள்ளையா நீ?"

டிஸ்கெட்டைப் பறித்துத் தன் மேசையில் வைத்துப் பூட்டினார். இவனை நிறுத்திவிடலாம் என்று மேனேஜர் அர்ச்சுனனிடமும் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

மனுஷன் அதோடு விட்டிருக்கலாம். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று, ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் டிஸ்கெட்டைப் போட்டுப் பார்த்தார். பாம்பு போன வேகத்தில் தன் வாலையே முட்டிச் செத்தது. மறுபடி ஆடலாமா என்று திரை கேட்டது. பத்துமலை அப்படியே உட்கார்ந்துவிட்டார். தப்புச் செய்தவனைத் திட்டாமல், மறுபடி ஆரம்பி என்று சொன்ன மேலதிகாரியை அவர் கண்டதே இல்லை. தோட்டத்துத் துரை அவருக்குச் சொன்னதில்லை. அவரும் யாருக்கும் சொன்னதில்லை. அன்றிலிருந்து சோற்று நேரம் வந்தால் போதும், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யாருக்கும் தெரியாது என்று நம்பினார்.

கூத்தைக் கேளுங்கள். அந்தத் திருட்டுத்தனத்துக்குப் போகும்போதுகூட, சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஜோடியாக நேரே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். பளபளவென்று துடைத்த கறுப்புச் சப்பாத்து. அது யாருடையது என்று கேட்கவா வேண்டும்?

மாதக் கடைசி வந்தது. அன்று பாம்பு பாதித் திரையை அடைத்திருந்தபோது வெளியே மேனேஜரின் குரல் கேட்டது. சாப்பிடப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

"உள்ள யாரு?"

பத்துமலை சட்டென்று திரையை அணைத்தார். ஐயோ, வாசலில் சப்பாத்து!

"யாரும் இல்ல சார்." அது ஜெயபாலனின் குரல். "வாசல்ல சப்பாத்து ஒண்ணும் இல்லையே, பாருங்க."

காலடிச் சத்தம் நகர்ந்தது. பத்துமலை கதவைத் திறந்தார். வாசல் காலியாக இருந்தது. டைப்பிஸ்ட் நவமணி தலை நிமிராமலே சொன்னாள்:

"ஜெயபாலன் மேசைக்கு அடியில இருக்கு, அண்ணே. மேனேஜர் காரு சத்தம் கேட்டதும் தூக்கிட்டு ஓடினான். இது மொதத் தடவ இல்ல லா."

அவருக்கு முகமெல்லாம் எரிந்தது. சப்பாத்தை மாட்டக்கூட நேரமில்லை; மேனேஜர் அவரையும் ஜெயபாலனையும் தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"ஜெயபாலன் சங்கதிய இன்னைக்கு முடிச்சிரலாம், பத்துமலை. நிறுத்திரலாமா?" என்றவரின் பார்வை கீழே போனது. "சப்பாத்து எங்க?"

"தண்ணி கொட்டிருச்சு சார், நான்தான்..." என்று ஜெயபாலன் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு லா." பத்துமலை மேனேஜர் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர் ரூம்ல வெளையாடப் போனப்ப கழட்டினேன், சார். தெனமும் வெளையாடுறேன். இவன நிறுத்தினா என்னையும் நிறுத்தணும்."

மேனேஜர் மறுபடி அவர் கால்களைப் பார்த்தார். "வெளையாடக் கூடாதுன்னு ஒட்டினதே நீங்கதானே? அத மீறிட்டு, சப்பாத்த மட்டும் எதுக்குக் கழட்டினீங்க?"

"அது ரூல்ஸ் இல்லையா, சார்?"

மேனேஜர் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், சிரிப்பு பீறிட்டுவிட்டது. "போங்க, ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க. அந்த டிஸ்கெட்டு என் மேசைக்கு வந்துரணும்."

ஜெயபாலனுக்கு வேலை நிலைத்தது. வெளியே வந்ததும் முதல் காரியமாக அவன் சப்பாத்தை எடுத்துவந்து, அவர் காலடியில் வைக்கக் குனிந்தான். பத்துமலை பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தவன் சப்பாத்தைக் கையால் தூக்க யாருக்கு மனசு வரும்? அதுவும் தன் சோற்றில் மண் போடப் பார்த்தவனுடையதை.

"வேணாம்பா," என்றார். கண் கலங்கிவிட்டது. "ஒங்கப்பன் எனக்காக சைக்கிள விட்டு எறங்கினதே போதும் லா."