மாதிரிக்குத் தெரியாதவை

வெள்ளவத்தையில் நான் வேலை செய்த மென்பொருள் அலுவலகத்தின் மேலாளர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மடிப்புக் கலையாத சட்டை, சிரிக்காத முகம். நாங்கள் பேசும்போது பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பார்.

பல புரொசஸர்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தைத் தொட்டால் இயங்குதளத்தின் உட்கருவான கேர்னலில் என்ன பிழை வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணினி மாதிரி ஒன்றை நாங்கள் விற்றோம். அதற்கு விளக்கம் எழுதியது நான். இடையில் குறுக்கிட முடியாத அற்றொமிக் கட்டளைகள் சிலவற்றில் வரும் பிழை அந்த மாதிரியின் கண்ணில் படாது என்பதையும் கடைசியில் எழுதியிருந்தேன். மேலாளர் அதை வாசித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"உம்மை ஆர் உதை எழுதச் சொன்னது? வாங்க வாறவன் ஓடிடுவான். அந்தப் பகுதியை அழியும்."

"ஏலாது சேர். இதை நம்பி ஆஸ்பத்திரி மெஷினுக்குக் கோட் எழுதுவினம்."

"அப்ப வேலையை விட்டிட்டுப் போம்."

"போறன். விளக்கத்தில இருக்கிற என்ர பேரை எடுத்துவிடுங்கோ."

அவர் என் கீபோர்டை இழுத்து என் பெயரை அழித்தார். அந்த இடத்தில் தன் பெயரை அடித்தார். கடைசிப் பகுதியில் ஓர் எழுத்தையும் தொடாமல் அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பினார்.

என் உழைப்பைப் பறித்தாரா, விற்பனை கெட்டால் எனக்கு வரவிருந்த பழியைத் தான் ஏற்றுக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானாலும் அவர்மேல் எனக்குக் கோபம்தான்.