இட்டுக்கட்டிய சாட்சி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊழியக்காரன்தான், தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவன்தான், ஆனாலும் தரிசனம் கண்டேன், வெளிச்சம் கண்டேன், காதில் குரல் கேட்டது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஊரில் கன்வென்ஷன் கூட்டங்களில் அப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்துப் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவன் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன். ஆனால் இது நடந்தது, அதுவும் இருட்டில் இல்லை, துபாய்ப் பக்கம் ராசல் கைமாவில் ஜூலை மாத வெயிலில், பட்டப்பகலில் நடந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத். வேதாகமக் கல்லூரி முடித்த கையோடு, வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் ஊழியம் செய்ய மூன்று மாதப் பயிற்சி என்று அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பயிற்சி மையம் என்றதும் நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு ஒரு கோட்டு வேறு தைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். விமான நிலையக் கதவு திறந்து காற்று முகத்தில் அடித்த அந்த நிமிடமே கோட்டு ஆசை தீர்ந்துவிட்டது. மையம் என்பது தேவாலயங்களுக்கென்று ஒதுக்கிய காம்பவுண்டுக்குள் ஒரு ஹாலும், அதற்கு மேலே மூன்று அறைகளும்தான். ஓர் அறைக்கு நான்கு பேர். ஏசி ஒரே சீராக உறுமிக்கொண்டே இருக்கும், நிறுத்தினால் வெந்துபோவோம், போட்டால் எனக்குத் தூக்கம் வராது. முதல் இரண்டு நாளும் நான் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. சாட்சி என்றால், ஆண்டவர் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று ஒவ்வொருவரும் எழுந்து எல்லார் முன்னாலும் சொல்வது. எனக்கு முன்னால் பேசியவர் பத்து வருடம் குடியில் கிடந்து மீண்டவர். அவருக்கு முன்னால் பேசியவர் லாரிச் சக்கரத்துக்கு அடியிலிருந்து உயிரோடு வந்தவர். எல்லாரும் அழுதார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மா ஞாயிறு பள்ளி டீச்சர், வேத வசனப் போட்டியில் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன், பரீட்சையில் பிட்டுகூட அடித்ததில்லை. என் முறை வந்தபோது வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம், வேறு எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்தேன், பொய் வந்தது.

ஒன்பது வயதில் மணப்பாட்டுக் கடலில் அலை என்னை இழுத்துப் போய்விட்டது என்றேன். ஒரு காலில் இருந்த நீல ரப்பர் செருப்பு போய்விட்டது, இன்னொன்று மட்டும் காலில் இருந்தது என்றேன். ஓர் ஆள் வந்து தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார், அவர் கையில் டீசல் வாடை அடித்தது, கண்ணை மூடாதே, என்னைப் பார் என்று கத்தினார், நான் கண் விழித்தபோது கரையில் ஒருவரும் இல்லை, அவர் மனிதரா தேவதூதரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது என்றேன். அத்தனையும் அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்தது. நான் கால் நனைக்கும் ஆழத்தைத் தாண்டிக் கடலில் இறங்கியதே கிடையாது.

ஹாலே அழுதது. மையத்தை நடத்திய பாஸ்டர் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இத வெள்ளிக்கிழமை ஆராதனையில முழு சபைக்கும் சொல்லணும். எத்தன பேரு மனசு உடைஞ்சு வர்றாங்க இங்க, அவங்களுக்கு இது வேணும்."

பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் சொன்ன பொய்யை ஒரு சபைக்கே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அப்படிச் செய்தால் வந்த வாரத்திலேயே பெட்டியோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான், அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? அந்த இரண்டு நாள் நான் சாப்பிட்டது என்ன என்றுகூட ஞாபகம் இல்லை. பாடம் நடக்கும்போது பேனா மூடியைக் கடித்துக் கடித்தே துப்பினேன்.

புதன்கிழமை மத்தியானம் ஜெயசீலன் அண்ணன் என்னையும் இன்னொருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கல்குவாரி ஆட்கள் தங்கும் கேம்ப்புக்குக் கிளம்பினார். அவர்தான் எங்களுக்கு வெளிவேலை கற்றுக்கொடுப்பவர், திருநெல்வேலிக்காரர். நாங்கள் சாட்சி சொன்ன அன்று அவர் முழுநாளும் துபாய் ஏர்போர்ட்டில் இருந்தார், இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு நீங்கள் அவரைத்தான் சந்தேகப்படுவீர்கள். கோடையில் மத்தியானம் மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம், அந்த இடைவேளையில் ஆட்களை அறையில் பார்க்கலாம்.

"ஏ மக்கா, நல்லா கேட்டுக்கோ. பைபிளு கெடையாது, நோட்டீஸ் கெடையாது, பிரசங்கம் மூச்சே வுடக் கூடாது. இந்த ஊர்ச் சட்டம் அது. லபன் பாக்கெட்ட குடு, செருப்பக் கழத்திட்டு தரையில ஒக்காரு, எல்லாரையும் அண்ணேன்னு கூப்புடு, அவங்க பேசுனா கேளு. கலாஸ், அவ்ளோதான் ஊழியம்."

லபன் என்றால் மோர்தான். மூன்றாவது அறையில் கதவோரக் கட்டிலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். புருவத்தில்கூடக் கல்தூசி. பெயர் கருப்பையா, சிவகங்கைப் பக்கம், குவாரியில் கல் உடைக்கும் மெஷின் ஓட்டுகிறவர். நான் மோரை நீட்டினேன். அவர் பாக்கெட்டை வாங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருப்பு?"

"நாசரேத்துண்ணே. தூத்துக்குடி மாவட்டம்."

"மணப்பாடு கடலுக்கு இங்கிட்டு இருக்கே, அந்த நாசரேத்தா?" என்று கேட்டவர் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். "ஒத்தக் கால்ல நீலச் செருப்போட கெடந்த பய நீதானே?"

நம்பினால் நம்புங்கள், அந்த அறையில் ஏசி ஓடவில்லை, ஆனாலும் என் முதுகு முழுக்கச் சில்லிட்டுப் போனது. என் வாயிலிருந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒன்றும் வரவில்லை. அவருக்கு அதுவே பதிலாகப் போதுமாக இருந்திருக்கிறது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"கடலரிப்புக்குக் கல்லு கொட்ட லாரி ஓடுச்சுல்ல, அதுல நான் கிளீனரு. கல்லு எறக்கிக்கிட்டு இருக்கோம், ஒரு தல முங்குது, வருது, முங்குது. குதிச்சிட்டேன். மசுரப் புடிச்சு இழுத்தாந்தேன். கண்ண மூடாதடா, என்னயப் பாருடான்னு கத்துறேன், நீ என்னடான்னா கையக் கடிச்சு வச்சுட்ட. இந்தா பாரு."

இடது மணிக்கட்டில் அரைவட்டமாகப் பல் தடம், வெளுத்துப்போய் இருந்தது. கடித்ததாக நான் சாட்சியில் சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

"லாரிக்காரன் ஆரன அடிச்சுக்கிட்டே இருந்தான். ஒன்னய மணல்ல போட்டுட்டு ஓடிட்டேன் தம்பி. பொழச்சியா செத்தியான்னு தெரியாமப் போச்சு. அடுத்த வருசம் நான் சவூதிக்கு, யான்புக்கு வந்துட்டேன். வந்த அஞ்சாம் மாசம் எம்மவன் ஊருக் கம்மாயில முங்கிப் போயிட்டான். அவனுக்கும் ஒம்பது வயசு. அவனத் தூக்க நான் அங்க இல்ல." கண்ணைத் துடைக்கவும் இல்லை, அப்படியே பேசினார். "ஒரு புள்ளயத் தூக்கி விட்டோமே, அது எங்கிட்டாச்சும் நல்லாருக்கும்னு நெனச்சுத்தான் நான் கண்ண மூடுறது. இன்னிக்கி நீயே வந்து நிக்கிற."

அறையிலிருந்த மற்றவர்கள் எல்லாரும் என்னைத் தொட்டுப் பார்த்தார்கள். ஜெயசீலன் அண்ணன் பெருமை தாங்காமல், வெள்ளிக்கிழமை தம்பி சபையில் பேசப்போகிறான், நீங்களும் வாருங்கள் என்று அழைப்பும் வைத்துவிட்டார். நான் திரும்பும் வழியெல்லாம் வேன் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு வந்தேன்.

மையத்துக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். சின்ன வயதில் நான் கடலில் விழுந்தேனா என்று கேட்டேன்.

"இது என்னலே கேள்வி? பத்தாங்கிளாஸ் வரைக்கும் ஒன்னயக் கடக்கரைக்கே வுட்டதில்லியே. ஒங்கப்பாவுக்குத் தண்ணின்னாலே பயம். ஸ்கூல்ல டூர் போனப்பக்கூட ஒன்னய அனுப்பல, நீ ரெண்டு நாளு சாப்பிடாம கெடந்த, மறந்துட்டியா? வெயிலு ஒத்துக்கலியோ ஒனக்கு?"

அம்மா எதையாவது மறைத்தால் குரலில் தெரிந்துவிடும். அன்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்படியானால் கருப்பையா அண்ணன் வேறு ஏதோ பையனைத் தூக்கியிருக்கிறார், சரி, கடற்கரையில் நடக்கிறதுதான். ஆனால் நான் கற்பனையில் எடுத்த நீலச் செருப்பு அவன் காலில் எப்படி வந்தது? நான் அவர் வாயில் வைத்த வார்த்தையை அவர் எப்படிக் கத்தினார்?

வியாழக்கிழமை பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீ சொன்னது பொய்ன்னு நீயே சொல்ற. அவரு கையில இருக்கறது என்ன?"

"தெரியல பாஸ்டர்."

"எனக்கும் தெரியல. நாளைக்கு நீதான் பேசற, என்ன பேசணும்னு நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். பொய்ன்னு தெரிஞ்சே மறுபடி சொன்னா நீ இந்த வேலைக்கு ஆகமாட்ட. உண்மையச் சொன்னா உன்ன இங்க வச்சுக்க கமிட்டி ஒத்துக்குமான்னு தெரியாது. போய் ஜெபம் பண்ணு."

ஜெபம் செய்ய முழங்கால் போட்டால் அந்த மனிதரின் மணிக்கட்டுதான் கண்ணில் நின்றது. என் வேலை போவதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. நான் பொய் என்று சொன்னால் அவர் தூக்கிக் கரையில் போட்ட பிள்ளையை மறுபடி கடலில் தள்ளுவது போலத்தானே? அவருக்கு இருப்பது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஹாலில் இடமில்லை, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். கருப்பையா அண்ணன் சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறோடு, வாசல் பக்கம் தண்ணீர் மெஷினை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்தேன். நான் கடலில் மூழ்கவே இல்லை, என் சாட்சி பொய், என்னை மன்னியுங்கள் என்றேன். அதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பாஸ்டர் எழுந்து ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டார். நான் பக்கக் கதவு வழியாக வெளியே வந்து காம்பவுண்டு சுவர் நிழலில் நின்றுகொண்டேன்.

கருப்பையா அண்ணன் என்னைத் தேடி வந்தார். திட்டுவார், அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்தப் புள்ள பொழச்சானா இல்லியா தம்பி?"

தெரியாது அண்ணே என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். என் சாட்சி பொய் என்று அப்போதுதான் சபை முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

"பொழச்சிட்டான்ணே. நீங்க ஓடுனதும் ஒரு அம்மா வந்தாங்க. பனவோலக் கூடய எறக்கி வச்சிட்டு அவனக் கவுத்துப் போட்டு முதுக அமுக்குனாங்க. தண்ணியெல்லாம் வெளிய வந்துட்டு. அவங்கதான் முந்தானையில சுத்தித் தூக்கிட்டுப் போனாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"லாரியில ஏறயில திரும்பிப் பாத்தேன், ஒரு கூடைக்காரி ஓடியாந்தா. அத நான் ஒங்கிட்டச் சொல்லலியே?"

ஆம், அவர் சொல்லவில்லை. என் கன்னத்தை ஒருமுறை தட்டிவிட்டு, கேம்ப் வண்டி நிற்கும் பக்கம் நடந்து போய்விட்டார். அந்த வருடமே வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை, பாஸ்டர் கமிட்டியிடம் எனக்காக மன்றாடியிருக்கிறார். இப்போது ஷார்ஜாவில் ஊழியம் செய்கிறேன், கல்யாணமும் ஆகிவிட்டது. சாட்சி சொல்லச் சொன்னால் மட்டும் மழுப்பிவிடுவேன். இதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் விளக்கிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனால் அந்தக் கூடைக்காரியின் முகம் எனக்குத் தெரியும். பச்சைச் சேலை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடது மூக்குத்தியில் கல் இல்லை. குனிந்தபோது அவள் வேர்வை என் கழுத்தில் சொட்டியதுகூடத் தெரியும். இதை நான் கருப்பையா அண்ணனிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் மணப்பாடு பார்க்க வேண்டும் என்று மனைவி கேட்கிறாள், நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். போன தடவை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். உடன்குடியில் மீன்கூடையோடு நான்கைந்து பெண்கள் ஏறினார்கள். பின்னால் ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. முகத்தைப் பார்க்கவில்லை, மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். அந்தப் பச்சைச் சேலைக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, நல்லாருக்கியாலே என்று கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்வேன்?